பிக் மாமாவின் பிஸ்கட் டப்பாவும் சார்லஸ்டன் குடும்ப வரலாற்று மையமும்

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தென் கரோலினாவின் சார்லஸ்டன் நகரில், சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் குடும்ப வரலாற்று மையத்துக்கு நான் போடும் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. அதற்கு ஒரு வருடம் முன்னால் காசு கொடுத்து வாங்கிய டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டிக்கு ஐந்துக்கு இரண்டு. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

எனக்கு 24 வயது. அம்மா தஞ்சாவூர்க்காரர். அப்பா ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். அப்பாவின் அம்மாவை நாங்கள் எல்லோரும் பிக் மாமா என்று கூப்பிடுவோம். அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களில் பாட்டியை அப்படி அழைப்பது சாதாரணம். ஏழு வயதில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு ‘பிக் மாமா எனக்குத் தலை பின்னிவிட்டார்’ என்று எழுதிக்கொண்டு போனேன். ஆசிரியை அதை ‘பெரிய மாமா’ என்று திருத்திவிட்டு, உங்க மாமாவுக்குப் பின்னல்கூடப் போடத் தெரியுமா என்று வியந்தார். பிக் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

அப்பா 2019இல் மாரடைப்பில் போனார். 52 வயது. பிக் மாமா 2024 நவம்பரில், 86 வயதில். அப்பா இருந்தவரை அவர் குடும்பத்தைப் பற்றி எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவர் போன பிறகு பிக் மாமாவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் பேச்சு எப்படித் தொடங்கினாலும் அப்பாவில் வந்து நிற்கும், இருவரும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். இப்போது கேட்க ஆள் இல்லை. அத்தை ஒருவர் இருக்கிறார். அப்பாவின் தங்கை. ‘ஆன்ட்டி’ என்று கூப்பிடாமல் ‘அத்தை’ என்று கூப்பிட அம்மா பழக்கிவிட்டார். அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. ஆனால் அத்தைக்கும் தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் என்ற ஊர்ப் பெயரைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை.

முதலில் அந்த டிஎன்ஏ பெட்டி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் என்கிறார்கள். குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் ஆறு வாரத்தில் வண்ண வரைபடம் வருகிறது. பாதி தென்னிந்தியா. அது எனக்கே தெரியும். மீதியில் நைஜீரியா 19 விழுக்காடு, அப்புறம் சியரா லியோன், கானா, கேமரூன். பிரிட்டன் 7 விழுக்காடு. அது எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அடிமை முறை இருந்த ஊர்க் குடும்பத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து, உங்கள் முடிவுகளை மேம்படுத்தியிருக்கிறோம் என்று மின்னஞ்சல் வந்தது. நைஜீரியா 19இலிருந்து 12 ஆகிவிட்டது. அதுவரை இல்லாத மாலி வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே எச்சில்தான்! பரிசோதனையே பொய் என்று சொல்லவில்லை. ஒப்பிடும் மாதிரிகள் கூடக் கூடக் கணக்கு மாறும், அது புரிகிறது. ஆனால் நான் தேடியது ஒரு நாட்டை இல்லை. பிக் மாமாவின் அப்பாவுடைய அம்மாவுக்கு என்ன பெயர் என்பதை. அது எச்சிலில் இல்லை.

அது இருந்தது ஒரு பிஸ்கட் டப்பாவில்.

பிக் மாமாவின் அறையைக் காலி செய்தபோது அலமாரியின் மேல் தட்டில் அத்தை எடுத்த நீல நிற டேனிஷ் பட்டர் பிஸ்கட் டப்பா. உள்ளே பிஸ்கட் இருக்காது என்பது எந்தப் பேரப்பிள்ளைக்கும் தெரியும். மேலாகப் பொத்தான்கள், நூல்கண்டுகள். அடியில் 37 ஃபியூனரல் புரோகிராம்கள். தெரியாதவர்களுக்காக: கறுப்பினத் தேவாலயங்களில் ஒருவர் இறந்தால் அடக்க ஆராதனைக்கென்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடிப்பார்கள். அந்த ஆராதனைக்கே ‘ஹோம்கோயிங்’ என்றுதான் பெயர், வீடு திரும்புகிறார் என்று. அட்டையில் புகைப்படம். பிறந்த தேதிக்கு மேலே ‘சூரிய உதயம்’, இறந்த தேதிக்கு மேலே ‘சூரிய அஸ்தமனம்’. உள்ளே என்ன பாட்டு, யார் ஜெபம், பெட்டியைத் தூக்குபவர்கள் யார், பூ ஏந்தி வருபவர்கள் யார். நடுப்பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு. எங்கே பிறந்தார், பெற்றோர் யார், அவருக்கு முன்னால் போய்ச்சேர்ந்தவர்கள் யார், இப்போது இருப்பவர்கள் யார், எந்தெந்த ஊரில்.

“எங்க ஊர்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒரு மழைக்குத் தாங்காது. இவங்க அறுபது வருஷம் வெச்சிருந்திருக்காங்க பாரு” என்றார் அம்மா.

அப்பாவுடையதும் அதில் இருந்தது. அதை அச்சடித்த இடத்தில் அம்மாவின் பெயரில் இரண்டு எழுத்தை மாற்றிவிட்டார்கள். அன்று கவனிக்கும் நிலையில் யாரும் இல்லை. அன்று எனக்கு நினைவிருப்பதெல்லாம் வெள்ளைக் கையுறை போட்ட தேவாலயப் பெண்கள் அம்மாவின் இரண்டு பக்கமும் நின்று மட்டை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தது. பிறகு அடித்தளக் கூடத்தில் ‘ரீபாஸ்ட்’. அடக்கம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு. பொரித்த கோழி, மக்கரோனி, காலர்ட் கீரை, அவற்றுக்கு நடுவில் அம்மாவின் தோழிகள் கொண்டுவந்து வைத்த எலுமிச்சை சாதம். பிக் மாமா அதில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். அன்று அவர் சாப்பிட்டது அது மட்டும்தான்.

சரி, மையத்துக்கு வருகிறேன். போன மார்ச் மாதம் ஃபிலடெல்ஃபியாவில் பால்மெட்டோ ரயில் ஏறினேன். கிட்டத்தட்ட 12 மணி நேரம். விமானத்தில் சீக்கிரம் போயிருக்கலாம். ஆனால் பிக் மாமா 1956இல் தென் கரோலினாவின் கிங்ஸ்ட்ரீ நிலையத்தில் ஏறி வடக்கே வந்தது இந்தப் பாதையில்தான். கறுப்பர்களுக்கு உணவுப் பெட்டியில் மரியாதையான இடம் கிடைக்காது என்பதால் வீட்டிலிருந்தே ஷூ அட்டைப்பெட்டியில் பொரித்த கோழியும் கேக்கும் கட்டிக்கொண்டு வந்ததாகச் சொல்வார். 1910களிலிருந்து 1970 வரை தெற்கைவிட்டு இப்படி வெளியேறியவர்கள் சுமார் 60 லட்சம் பேர். பால்மெட்டோ இன்றும் கிங்ஸ்ட்ரீயில் நிற்கிறது. எண்ணி இரண்டு நிமிடம். ஜன்னல் வழியே பார்த்தேன், ஒரு செங்கல் கட்டடம், ஒரு விளக்குக் கம்பம். இறங்கவில்லை.

அருங்காட்சியகம் 2023 ஜூன் 27 அன்று திறக்கப்பட்டது. நிற்கும் இடம் கேட்ஸ்டன் துறை. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களை இறக்கிய இடம். 1808 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டவிரோதமானது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் முடிந்தவரை கொண்டுவந்து குவித்துவிட வேண்டும் என்று வணிகர்கள் இந்தத் துறையில் பரபரத்தார்கள். அந்த மண்ணின் மேல் கட்டடம் உட்காரக் கூடாது என்று 18 தூண்களில், 13 அடி உயரத்தில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே இருப்பது தோட்டம். ஒரு பகுதியில் தரையோடு தரையாக மனித உருவங்கள் நெருக்கி நெருக்கிப் படுத்திருக்கும், கப்பலில் அடுக்கிய மாதிரி. மேலே மெல்லிய தண்ணீர் ஏறும், வடியும். நான் போன அன்று ஒரு குழந்தை செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீரில் தப் தப் என்று நடந்தது. யாரும் தடுக்கவில்லை. குழந்தையின் பாட்டி கைப்பையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல்தளக் காட்சிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், வேகமாகக் கடக்கிறேன். கடலோரத்துக் கல்லா கீச்சி மக்களை (அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்) பற்றிய பகுதியில் மட்டும் நின்று பாருங்கள், அரிசிக்காக. நெல் பயிரிடத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து ஆட்களைத் தேடிப் பிடித்து வாங்கினார்கள் பண்ணை முதலாளிகள். எங்கள் ஜார்ஜ்டவுன் அந்த நெல்லில்தான் பணக்கார ஊரானது. பணம் யாருக்கு என்பது வேறு. பிக் மாமாவின் சமையலறைச் சுவரில் புல்லைச் சுருட்டிச் சுருட்டித் தைத்த வட்டமான தட்டு ஒன்று மாட்டியிருக்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்த அம்மா, “இது முறம்தானே?” என்று இறக்கி, சும்மா இரண்டு தட்டுத் தட்டிப் புடைத்துக் காட்டினாராம். பிக் மாமா எதுவும் சொல்லாமல் ஒரு படி அரிசியைக் கொண்டுவந்து அதில் கொட்டினாராம். அம்மாவை மருமகளாக ஏற்றுக்கொண்டது அன்றுதான் என்று அப்பா சொல்வார். மற்ற எல்லா விஷயத்திலும் இருவருக்கும் சண்டைதான்.

மையம் அதே கட்டடத்துக்குள் இருக்கிறது. நூலகம் மாதிரி அமைதி. கணினிகள், புத்தகங்கள், உதவ ஆட்கள். எனக்கு உதவியவர் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தெற்கத்திப் பழக்கப்படி என்னை ‘பேபி’ என்றார். அப்பா சொல்லிக்கொடுத்தபடி நான் ‘யெஸ் மேம்’ என்றேன்.

உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன கொண்டுவந்திருக்கே?” என்ன தேடுகிறாய் என்று கேட்கவில்லை. டப்பாவைத் திறந்ததும் எழுந்துபோய்க் கைகழுவிவிட்டு வந்தார்.

அவர் விளக்கியதன் சுருக்கம் இது. அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அவர்களுக்குத் தனிப் பட்டியல். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். அவ்வளவுதான். அதனால் குடும்ப வரலாறு தேடுபவர்கள் இதை ‘1870 சுவர்’ என்பார்கள். அந்தச் சுவர்வரை போய்ச் சேரவே பெற்றோர் பெயர்கள் வேண்டும், பெண்களின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் வேண்டும். அரசு ஆவணங்கள் கோட்டைவிட்டதை எல்லாம் இந்த அடக்க ஆராதனைப் புத்தகங்கள் வைத்திருக்கின்றன. மையம் இவற்றைச் சேகரித்து இணையத்தில் தேடும்படி வைத்திருப்பது அதனால்தான்.

டப்பாவில் ஆகப் பழையது 1962இல் அச்சானது. ஒரே தாள், நடுவில் மடித்தது, மை பரவியிருக்கிறது. பிக் மாமாவின் அப்பாவுடையது. எனக்குக் கொள்ளுத்தாத்தா. 1898இல் பிறந்தவர் என்றும் தாயின் பெயரும் அதில் இருந்தன. பொதுவில் பெயர்களை எழுதக் கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் எள்ளுப்பாட்டி என்றே எழுதுகிறேன். அந்த ஒற்றைப் பெயரை வைத்து 1900 கணக்கெடுப்பின் தாளைத் திரையில் கொண்டுவர அந்தப் பெண்மணிக்கு இருபது நிமிடம் ஆனது. ஜார்ஜ்டவுன் மாவட்டம். சாய்ந்த கையெழுத்து. கொள்ளுத்தாத்தா இரண்டு வயதுக் குழந்தை. எள்ளுப்பாட்டிக்கு 42 வயது, எழுதப் படிக்கத் தெரியாது.

அவர் வரிசையில் இரண்டு எண்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருந்தன. 11. 6.

வீட்டு எண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண்மணி விரலைத் தாளின் தலைப்புக்குக் கொண்டுபோனார். 1900இல் அம்மாக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் பெற்றாய்? அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது?

பிறகு 1880இன் தாளை எடுத்தார். எள்ளுப்பாட்டி 22 வயதில், இரண்டு பிள்ளைகளோடு. அந்த இருவரும் 1900க்குப் பிறகும் இருந்தவர்கள்; டப்பாவில் இருந்த வேறு புரோகிராம்களில் ‘முன்னே சென்றவர்கள்’ வரிசையில் வருகிறார்கள். ஆக, இறந்துபோன அந்த ஐந்து பேரும் அநேகமாக 1880க்கும் 1900க்கும் நடுவில் பிறந்து, நடுவிலேயே போனவர்கள். நடுவில் இருக்கும் 1890 கணக்கெடுப்போ கிட்டத்தட்ட முழுவதுமாக இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டன் அலுவலகத்தில் பிடித்த தீயில் பெரும்பகுதி பாழானது, மிச்சத்தையும் பிறகு அழித்துவிட்டார்கள். தென் கரோலினா மாநிலம் முழுக்க இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1915இல்தான். அந்த ஐந்து பேருக்கும் இருக்கிற ஒரே ஆவணம், பதினொன்றிலிருந்து ஆறைக் கழித்தால் வரும் மிச்சம்.

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது வேறொன்று. பிக் மாமாவுக்கு நான்கு பிள்ளைகள். அப்பா போன பிறகு மருத்துவமனையிலோ தேவாலயத்திலோ புதிதாக யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், ‘நான்கு’ என்பார். கடைசிவரைக்கும் நான்குதான். ஒருமுறை செவிலிப் பெண் படிவத்தில் எழுதிக்கொண்டே, நான்கு பேரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். ‘ஒருவன் இல்லை’ என்று பிக் மாமா சொல்லவில்லை. ‘நீ நான்கு என்று எழுது’ என்றார்.

கதவைத் தட்டிக் கேட்டவனிடம் எள்ளுப்பாட்டி என்ன குரலில் ஆறு என்றாரோ.

அந்தப் பெண்மணி டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தன் திரையைப் பார்க்கத் தொடங்கினார். மேசைக்கு மேசை அந்தப் பெட்டி இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அரை மணி நேரம் கழித்து, எள்ளுப்பாட்டியின் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. 1931. அதில் அவருடைய அப்பா பெயர். அதை வைத்து 1870க்குப் போனோம். 12 வயதுச் சிறுமியாக அப்பா அம்மா வீட்டில் இருக்கிறார். அந்தக் கணக்கெடுப்பில் உறவுமுறைக்கு என்று கட்டமே கிடையாது, 1880இல்தான் வந்தது. சான்றிதழ் இல்லாவிட்டால் மகள் என்று உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. 1870லிருந்து இன்றுவரை ஆறு தலைமுறை, ஒரே பிற்பகலில்.

எனக்கு ஆசை அடங்கவில்லை. 1860 பட்டியலையும் பார்க்கலாமே என்றேன். திறந்து காட்டினார். அந்தக் காலத்து ஜார்ஜ்டவுன் மக்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் அடிமைகள். பக்கம் பக்கமாக எண்கள். ‘2, பெண், கறுப்பு’. அடுத்த முதலாளிக்குக் கீழே இன்னொரு ‘2, பெண், கறுப்பு’. அடுத்த பக்கத்தில் மூன்று. இதில் ஒருவர் அவராக இருக்கலாம்தானே என்று கேட்டேன்.

“இருக்கலாம், பேபி. ஆனா இதுதான்னு சொல்லி உன்னை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்” என்றார். விடுதலைக்குப் பிறகு எல்லோரும் முதலாளியின் குடும்பப் பெயரை வைத்துக்கொள்ளவில்லை, அதனால் பெயரை வைத்துப் பண்ணையைச் சொல்ல முடியாது என்று விளக்கினார். அடுத்து எங்கே தேடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: பண்ணை முதலாளிகளின் உயில்கள், சொத்துப் பட்டியல்கள், 1865 முதல் விடுதலை பெற்றவர்களுக்கான நலத்துறை எழுதிய கூலி ஒப்பந்தங்கள். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள், பக்கத்தில் யாராவது பெயரை எழுதியிருப்பார்கள், அந்தப் பெயரைத் தேடு என்றார்.

நான் முழு மதிப்பெண் போட்டது அந்த ஒரு பதிலுக்கு. எனக்கு வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும், ஒரு வரியைக் காட்டி ‘இவர்தான்’ என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், சந்தோஷமாக ரயில் ஏறியிருப்பேன். டிஎன்ஏ பெட்டி அதைத்தான் செய்தது. மூன்று மாதம் நான் நைஜீரியாக்காரி.

போகிறவர்கள் கவனத்துக்கு: வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய புரோகிராம், பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிவைத்த பிறந்த தேதிகள், புகைப்படத்தின் பின்பக்கக் கிறுக்கல், எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள். ஆப்பிரிக்காவில் எந்தக் கிராமம் என்று தெரிந்துகொள்ள மட்டும் போகிறீர்கள் என்றால் வருத்தப்படுவீர்கள், தவறு மையத்தினுடையது இல்லை. காட்சிகளைப் பார்ப்பதையும் தேடலையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்தில் நின்றுவிட்டு மேலே போய் எண்களைப் படிப்பது கஷ்டம். கூட யாராவது இருந்தால் நல்லது. நான் தனியாகப் போய்விட்டு, மாலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி அம்மாவைத்தான் கூப்பிட்டேன்.

பதினொன்று, ஆறு என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. குக்கர் விசில் சத்தம் கேட்டது.

“அஞ்சு பேருக்கும் பேர் வெச்சிருப்பாங்க இல்ல?” என்றார்.

“வெச்சிருப்பாங்கம்மா.”

திரும்பி வந்ததும் டப்பாவில் இருந்தவற்றை மையத்துக்கு ஸ்கேன் செய்து அனுப்பும் வேலையை அத்தையோடு உட்கார்ந்து தொடங்கினேன். உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் நிறைய இருக்கின்றன என்று அத்தைக்குத் தயக்கம்; இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாதாடி, 1990க்கு முன்னால் உள்ளவை மட்டும் என்று ஒத்துக்கொண்டோம். 22 தேறியது. அக்டோபரில் இருவரும் மறுபடி போகிறோம். அத்தை ரயிலுக்குச் சம்மதிக்கவில்லை, காரில்தான். வழியில் கிங்ஸ்ட்ரீயில் நிறுத்த வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பாவுடையதற்கு மட்டும் அத்தை விலக்குக் கொடுத்தார். வேண்டுமானால் அனுப்பு என்றார். இன்னும் அனுப்பவில்லை. அம்மாவின் பெயரில் உள்ள பிழையைத் திருத்தி ஒரு குறிப்பு வைத்துத்தான் அனுப்ப வேண்டும், அதை எழுத நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். டப்பா இப்போது என் அறையில் இருக்கிறது. அவருடையது பிக் மாமாவுடையதற்கு மேலே, பொத்தான்களுக்குக் கீழே.